காணுமுன் எழுதியவர்கள்

சிறு நிலவென்றால் குளிர்ந்து இறுகிய பாறையே என்பது அறிஞர் பலரின் எண்ணமாக இருந்தது. அமெரிக்கக் கோளியல் அறிஞர் ஸ்டான்டன் பீல், பாட்ரிக் காசன், ரே ரேனால்ட்ஸ் ஆகிய இருவருடன் வியாழனின் நிலவாகிய அயோவைக் கணக்கிட்டு ஆராய்ந்தார். யூரோப்பா, கனிமீடு என்னும் அண்டை நிலவுகளின் ஈர்ப்பால் அயோவின் பாதை நீள்வட்டமாகிறது. அதனால் வியாழனின் பிடி இறுகியும் தளர்ந்தும் அதனை ஓயாது பிசைகிறது. அவ்வெப்பத்தால் அதன் உள்ளகம் உருகியிருக்கும், எரிமலைகளும் இருக்கலாம் என மூவரும் 1979 மார்ச் 2ஆம் நாள் 'சயன்ஸ்' இதழில் எழுதினர். மூன்றே நாளில் வாயேஜர் 1 விண்கலம் அயோவை நெருங்கிக் கடந்தது. மார்ச் 9ஆம் நாள், அக்கலம் அனுப்பிய படமொன்றில் எரிமலை கக்கிய முகிலைப் பொறியாளர் லிண்டா மொராபிட்டோ கண்டார்.

கண்டபின் விளக்குதல் எளிது. பொய்க்கக்கூடும் என்றறிந்தும் காணுமுன் எழுதிவைப்பதே அறிவியலின் அறமாகும்.