பேரிங் மேல தப்பில்லீங்க

கோவை ஆவாரம்பாளையம் பக்கம் ஒரு சின்னக் கடைசல் பட்டறை. ஒரு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், மூலையில் வெல்டிங் செட். தேய்ந்த சாஃப்டைச் சரிசெய்வதைப் பார்க்க வேண்டும் என்றதும் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இங்கேதான் அனுப்பினார்.

சோளத்தட்டு வெட்டும் மிஷினின் 2 எச்.பி. மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். புல்லர் மாட்டி இழுத்தாலும் முரண்டு பிடிக்க வேண்டிய பேரிங், கையோடு உருவிக்கொண்டு வந்தது. அது உட்கார்ந்திருந்த இடமெல்லாம் செந்தூள்.

“ரெண்டு வருசத்துல மூணு பேரிங் மாத்தியாச்சுங்க. எல்லாம் டூப்ளிகேட்டு போல” என்றார் மோட்டார்காரர்.

“பேரிங் மேல தப்பில்லீங்ண்ணா” என்றபடி டர்னர் மைக்ரோமீட்டரை வைத்தார். 24.95.

6205 பேரிங்கின் உள்துளை 25 மில்லிமீட்டர். கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் வந்துவிடும். சாஃப்ட் அதைவிடச் சில மைக்ரான் கூடுதலாக இருந்தால்தான் பிடிப்பு. இங்கே 50 மைக்ரான் குறைவு. பெல்ட் ஒரே பக்கம் இழுப்பதால் சாஃப்ட் பேரிங்கின் உள்வளையத்துக்குள் உருள்கிறது, சுற்றுக்கு 0.157 மி.மீ. வளையம் பின்தங்குகிறது. நிமிடத்துக்கு 1440 சுற்று என்றால் மணிக்கு 13 மீட்டருக்கு மேல்! அந்தத் தேய்மானம்தான் செந்தூளாக உதிர்கிறது.

துணியால் துடைத்ததும் சாஃப்டைச் சுற்றிப் புள்ளிப் புள்ளியாகக் குழிகள். முன்பு யாரோ பஞ்ச் அடித்திருக்கிறார்கள். பஞ்ச் அடித்தால் குழியின் விளிம்பு மேடாகும். பேரிங் டைட்டாக ஏறும். ஆனால் தாங்குவது அந்த மேட்டு நுனிகள் மட்டும்தான். அவை மழுங்கினால் பழைய கதை.

“நானும் அடிச்சுக் குடுத்திருக்கேனுங்க. மாடு பட்டினி கெடக்கறப்ப வேற வழி? ஆனா, இது தாங்காதுன்னு சொல்லி அனுப்போணும்.”

அந்தச் ‘சொல்லி அனுப்புவது’தான் தொழில் நேர்மை என்று எனக்குப் பட்டது.

கடைந்து ஸ்லீவ் போடலாமே என்றேன். 25 மி.மீ. சாஃப்டை 20-க்குக் கடைந்தால் முறுக்கைத் தாங்கும் வலு ஏறக்குறையப் பாதியாகிவிடும். லாக்டைட் பசை? வழவழப்பான சாஃப்டாக இருந்தால் பார்க்கலாம். குழி விழுந்த சாஃப்டில் பசை நிற்கும் என்று அவர் நம்பவில்லை. வெல்டிங் வைத்துக் கடைவதே முடிவானது.

சூட்டில் சாஃப்ட் வளையாமலிருக்க, ஒரு வரி இந்தப் பக்கம் வைத்தால் அடுத்த வரி நேர் எதிர்ப் பக்கம். முடிந்ததும் சுண்ணாம்புத் தூளில் புதைத்தார். நடுத்தரக் கார்பன் இரும்பு சட்டென்று ஆறினால் விரிசல் விடும். பிறகு இரு சென்டருக்கு நடுவே மாட்டி, டயல் வைத்து ஓட்டம் பார்த்துக் கடைசல். கடைசி வெட்டுக்கு முன் லேத்தை நிறுத்திவிட்டு டீ சொன்னார். சோம்பல் அல்ல. சாஃப்ட் 50 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் 15 மைக்ரான் அதிகமாகக் காட்டும். அதை நம்பி வெட்டினால் ஆறியதும் மறுபடி லூஸ்.

ஆறியபின் அளவு 25.01. பேரிங்கை எண்ணெயில் சூடாக்கி ஏற்றினார். சுத்தியல் படவே இல்லை.

மோட்டாருக்குப் பேரிங் மாற்றக் கொடுக்கிறீர்களா? சாஃப்டையும் அளந்து, அந்த அளவைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பஞ்ச் அடித்திருந்தால் அதையும்.