டைட்டில் கார்டும் எங்க தெரு தறிச் சத்தமும்

கொஞ்ச நாளா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் தலை காட்ட முடியலை. இதுக்கு நடுவுல ராத்திரி ராத்திரியா வேற ஒரு வேலையும் ஓடிட்டிருந்தது. எங்க ஊர் நண்பன் ஒருத்தன் குறும்படம் எடுத்திருக்கான். பள்ளிப்பட்டுல மிச்சம் இருக்கற விசைத்தறிகளைப் பத்தி. அதுக்கு டைட்டில் நான் போட்டேன். மொத்தமே 40 செகண்ட். எடுத்துக்கிட்ட நேரம் ரெண்டு மாசம். சிரிக்காதீங்க, ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான பதிவு, காபியோட உக்காருங்க.

டைட்டிலும் மியூசிக்கும்னாலே நம்ம ஆளுங்களுக்கு ஞாபகம் வர்றது ஒண்ணுதான். 1992ல வந்த 'அண்ணாமலை'. கறுப்புத் திரையில புள்ளி புள்ளியா விழுந்து 'சூப்பர் ஸ்டார்'னு எழுத்தாகும், அப்புறம் ரஜினி பேரு வரும், பின்னாடி தேவாவோட இசை. இயக்குநர் சுரேஷ் கிருஷ்ணாவுக்கு ஐடியா குடுத்தது ஜேம்ஸ் பாண்ட் படங்களோட ஆரம்பம். 1962ல 'டாக்டர் நோ' படத்துக்கு மாரிஸ் பைண்டர்ங்கறவர் பண்ணினது அது. நிஜத் துப்பாக்கிக் குழாய்க்குள்ளேயே ஊசித்துளைக் கேமரா வெச்சு எடுத்திருக்கார் மனுஷன். அதுலயும் முதல்ல வர்றது வெள்ளைப் புள்ளிதான்!

அந்த சூப்பர் ஸ்டார் கார்டை மியூட்ல போட்டுப் பாருங்க. சீரியல் லைட் போட்ட மாரியம்மன் கோயில் போர்டு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். படத்தை விட்டுட்டு சத்தத்தை மட்டும் கேட்டா, ஏதோ வரப்போகுதுன்னு தெரியும், என்னன்னு தெரியாது. ரெண்டும் சேர்றப்பதான் தியேட்டர்ல விசில் பறக்குது. என்ன எழுத்து வரப்போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்ச பேருக்காக இத்தனை பேர் காத்திருக்காங்க இல்ல, அந்தக் காத்திருப்பைத்தான் அங்க டிசைன் பண்ணியிருக்காங்க. இது எனக்கு ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சது.

இன்னொண்ணு தூர்தர்ஷன். அந்தக் கண் மாதிரி சின்னத்தை வரைஞ்சவர் தேவாஷிஷ் பட்டாச்சார்யா, அப்ப அகமதாபாத் என்ஐடியில மாணவர். ரெண்டு வளைவும் சுத்திச் சுத்தி வந்து கண்ணா மாறுமே, அது கம்ப்யூட்டர் வேலை இல்லை. படத்தை நகல் எடுத்து, கேமராவுக்கு அடியில கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி எடுத்தது. இசை பண்டிட் ரவிசங்கரும், ஷெனாய் கலைஞர் உஸ்தாத் அலி அகமது உசேன் கானும் சேர்ந்து போட்டது. 1976ல வந்தது. பாருங்க, அந்த ஷெனாய் இழுக்கற வேகத்துலதான் வளைவும் சுத்தும். எந்த இடத்துலயும் 'டொம்'னு அடிச்சு நிக்காது. தாளத்தோட ஒட்டறது ஒரு வகை, ராகத்தோட ஒட்டறது இன்னொரு வகை.

சரி, நம்ம கதைக்கு வருவோம். நண்பன் கேட்டது பம்பை. திருத்தணி ஆடிக் கிருத்திகையில காவடிக்கு வாசிக்கற மாதிரி அதிரணும்னான். நான் சொன்னேன், "மச்சி, தறியைப் பத்தின படம். தறிச் சத்தமே தாளம்தானடா". பெரியப்பா வீட்டுத் தறிக்குப் பக்கத்துல மைக் வெச்சு அரை மணி நேரம் பதிவு பண்ணினோம். அதுல 40 செகண்ட் வெட்டி எடுத்து, மேல அவனே கீபோர்டுல ஒரு சின்ன மெட்டு வாசிச்சான்.

இப்பதான் கணக்கு வருது. சினிமாவுக்கு செகண்டுக்கு 24 ஃப்ரேம். நிமிஷத்துக்கு 1440. நிமிஷத்துக்கு எத்தனை அடியோ அதால 1440ஐ வகுத்தா, ஒரு அடிக்கு எத்தனை ஃப்ரேம்னு கிடைச்சிடும். 120 அடின்னா 12 ஃப்ரேம். 96ன்னா 15. 100 அடின்னா 14.4, அங்கதான் தலைவலி, பாயின்ட் நாலு ஃப்ரேம்னு எதுவும் கிடையாது. 1930 வாக்குல ஹாலிவுட் கார்ட்டூன்காரங்க இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஃபிலிம்ல ஒலி ஓடற பட்டையில கணக்கா ஓட்டை போட்டுடறது. ஓட்டும்போது ஒவ்வொரு ஓட்டைக்கும் 'டிக்'னு ஒரு சத்தம் வரும், அதைக் காதுல கேட்டுக்கிட்டே வாத்தியக் கோஷ்டி வாசிக்கும். இதைப் படிச்சப்ப எனக்கு ஜக்கார்டு தறிதான் ஞாபகம் வந்தது. அங்கயும் அட்டையில ஓட்டை, ஓட்டைக்கேத்த மாதிரி பாவு நூல் தூக்கும், பூ விழும். நெசவுக்காரன் பிள்ளை கோடு அடிக்கப் போனது அப்படி ஒண்ணும் வேற தொழில் இல்லை போல :-)

நம்ம தறி 40 செகண்டுல 77 அடி அடிச்சது. 960 ஃப்ரேமுக்கு 77. அடிக்கு ஏறக்குறைய பன்னிரண்டரை. அதுவும் சீரா இல்லை. பெல்ட் கொஞ்சம் வழுக்கினா ஒரு அடி தள்ளிப் போகும். நண்பன் "சாஃப்ட்வேர்ல நேர் பண்ணிடு"ன்னான். நேர் பண்ணிக் கேட்டோம். தையல் மெஷின் மாதிரி ஆயிடுச்சு. திரும்ப பழசையே வெச்சு, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல 77 இடத்துலயும் கையாலயே மார்க்கர் வெச்சேன்.

இதுல ஒரு சூட்சுமம். அடி விழற அதே ஃப்ரேம்லதான் படமும் மாறணும்னு இல்லை. படம் ஒண்ணு ரெண்டு ஃப்ரேம் முன்னாடி வந்தா யாருக்கும் உறுத்தாது, சத்தம் முந்திக்கிட்டாதான் உறுத்தும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998ல குடுத்த கணக்குப்படி, சத்தம் 45 மில்லிசெகண்ட் முந்தினாலே ஆளுங்க கண்டுபிடிச்சிடறாங்க. பிந்தினா 125 வரைக்கும் தெரியறதில்லை. அதாவது ஒரு ஃப்ரேமுக்கும் மூணு ஃப்ரேமுக்கும் உள்ள வித்தியாசம். ஏன்னு கேட்டா, கொசஸ்தலை ஆத்துல தண்ணி வர்ற நாள்ல அக்கரையில துணி துவைக்கறவங்களைப் பாருங்க. துணி கல்லுல விழறது முதல்ல தெரியும், சத்தம் அப்புறம்தான் வரும். 100 மீட்டருக்கு கிட்டத்தட்ட 0.3 செகண்ட். பொறந்ததுல இருந்து நம்ம கண்ணும் காதும் இப்படியே பழகியிருக்கு. சத்தம் முதல்ல வந்து துணி அப்புறம் விழறதை உலகத்துல யாரும் பாத்ததில்லை.

டிசைன் ரொம்ப சிம்பிள். கறுப்புல வெள்ளைக் கோடுங்க, மேல இருந்து கீழ. அதுதான் பாவு. ஒவ்வொரு அடிக்கும் குறுக்க ஒரு ஊடை ஓடும், ஊடை சேரச் சேர எழுத்து உருவாகும். சேலை டிசைன் போடறவங்க மாதிரி கிராஃப் பேப்பர்ல கட்டம் போட்டு எழுத்தை வரைஞ்சேன். நம்ம எழுத்துல இருக்கற சுழி எல்லாம் கட்டத்துக்குள்ள அடங்கறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. இங்கிலீஷ்காரனுக்கு நேர்கோடு, அவன் குடுத்து வெச்சவன்.

77 அடிக்கு 77 ஊடைன்னு ஓட்டிப் பாத்தோம். டெக்னிக்கலா எல்லாம் கரெக்ட். ஆனா நாலாவது அடியிலயே கண்ணு விஷயத்தைப் புரிஞ்சுக்குது, மிச்சம் 73 அடியும் சும்மா வேடிக்கை. 1960ல 'சைக்கோ'வுக்கு சால் பாஸ் பண்ணின டைட்டிலை மறுபடி மறுபடி பாத்தேன். வெறும் கோடுங்கதான், பெர்னார்ட் ஹெர்மனோட வயலின் கூட்டத்துக்கு ஓடும். ஆனா ஒவ்வொரு வில்லு இழுப்புக்கும் ஒரு கோடுன்னு கிடையாது. இசையோட பதட்டத்தை எடுத்துக்கிட்டு, சேர வேண்டிய இடத்துல மட்டும் சேருது.

எங்களுக்கு அந்த இடம் எதுன்னு தேடினப்ப கிடைச்ச பதில், எங்க தெருப் பசங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். தறி வீட்டுல வளர்ந்தவங்க சத்தத்துல நல்லாத் தூங்குவாங்க. தறி நின்னாதான் முழிப்பாங்க. நூல் அறுந்துச்சா, கரன்ட் போச்சான்னு பதறி எழுந்திருப்பாங்க. அரை மணி நேரப் பதிவுல நிஜமாவே ஒரு தடவை ஊடை நூல் அறுந்து தறி நின்னிருந்தது. அதை எடுத்து 31வது செகண்டுல வெச்சோம். ஊடை ஓடிக்கிட்டே இருக்கும், எழுத்து பாதி உருவாகியிருக்கும், திடீர்னு எல்லாம் நிக்கும். ஒண்ணரை செகண்ட் மயான அமைதி. மிச்ச எழுத்து அந்த அமைதியில சத்தமே இல்லாம முழுசாகும். அப்புறம்தான் தறி திரும்ப ஓடும்.

முடிச்சதும் நைனாகிட்ட காட்டினேன். (1960 வரைக்கும் எங்க ஏரியா ஆந்திராவோட சித்தூர் மாவட்டம். அப்பாவை நைனான்னு கூப்பிடறவங்க இன்னமும் நிறைய.) நைனாவுக்கு நாப்பது வருஷம் தறி ஓட்டினதுல காது சுத்தமா மந்தம். பக்கத்துல போய்க் கத்தணும். லேப்டாப் ஸ்பீக்கர் எல்லாம் அவருக்கு இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு உத்துப் பாத்தார். 31வது செகண்ட் வந்தது. அவரோட வலது கை தானா முன்னாடி நீண்டுச்சு, தறியில நாடாவை எடுக்கப் போற மாதிரி. "டேய், நூல் அறுந்துடுச்சுடா"ன்னார்.

ஒரு சத்தமும் கேக்காத மனுஷன். எனக்குப் பேச்சே வரலை. இத்தனை நாளா சிங்க்னா காதும் கண்ணும் ஒத்துப் போற விஷயம்னு நினைச்சிட்டிருந்தேன். அவருக்குள்ள அந்தத் தாளம் ஏற்கனவே ஓடிக்கிட்டிருக்கு, படம் அதோட போய்ச் சேர்ந்துக்கிச்சு. சூப்பர் ஸ்டார் கார்டுக்கு விசில் அடிக்கறவங்களும் அப்படித்தானே? மனசுக்குள்ள ஓடற பாட்டோட சேர்ந்துதானே புள்ளி விழுது?

படம் எடிட்டிங் முடியறதுக்குள்ள பெரியப்பா ரெண்டு தறியையும் குடுத்துட்டார். கூலி கட்டலை, ஓட்ட ஆள் இல்லை. பழைய இரும்புக்காரர் எடைபோட்டுத்தான் எடுத்துட்டுப் போனார். பெரியம்மா ஒரு வாரம் சரியாத் தூங்கலைன்னு சொன்னாங்க. சத்தம் இல்லாம தூக்கம் வரலையாம். அந்த அரை மணி நேரப் பதிவை அவங்க போன்ல ஏத்திக் குடுத்திருக்கேன்.

டிஸ்கி: நீங்களும் இதை முயற்சி பண்றதா இருந்தா பெரிய சாஃப்ட்வேர் எதுவும் வேணாம். ஆடாசிட்டியும் பிளெண்டரும் இலவசம்தான். 1440ஐ மறக்காதீங்க, படத்தை ஒரு ஃப்ரேம் முந்த விடுங்க. முக்கியமா, உங்க ஊர்ல எந்தச் சத்தம் நின்னா ஜனங்க முழிச்சுக்குவாங்கன்னு யோசிங்க. மாவு மில்லோ, ரயிலோ, கோயில் மணியோ. சொன்னீங்கன்னா அடுத்த படத்துக்கு சுட்டுக்கறேன், ஹிஹி.