அக்காவின் மவுஸ்

ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் ஒன்று, ஆள் இரண்டு. அக்கா இடது கைக்காரி. நான் எழுந்து அவள் உட்கார்ந்ததும் மவுஸ் வயரை மானிட்டருக்குப் பின்னால் சுற்றி இடப்பக்கம் இழுப்பாள். முகூர்த்த மாதங்களில் ஆல்பம் வேலை குவிந்தால் நாள் முழுக்க இதே கதைதான்.

இன்னொரு மவுஸ் வாங்கி இரண்டையும் செருகினோம். அம்பு இரண்டுக்கும் நகர்ந்தது. ஆனால் விண்டோஸில் பட்டனை வலம் இடமாக மாற்றினால் இரண்டுக்கும் சேர்ந்தே மாறியது. அவள் ஆள்காட்டி விரலுக்குக் கிளிக் வந்தால் எனக்குப் போய்விடும்.

சின்ன வயதில் அக்கா பீச்சாங்கையைச் சோற்றில் வைத்தால் ஆச்சி தட்டிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் பென்சிலையும் வலக்கைக்கு மாற்றிவிட்டார்கள். அவளுடைய இடக்கையை யாரும் திருத்த வராத முதல் பொருள் மவுஸ்தான். பழைய போட்டோவில் கன்னத்தின் மேல் விழுந்த கீறலை, பக்கத்துத் தோலை எடுத்து ஒற்றி ஒற்றி அவள் மறைப்பதைப் பார்க்க வேண்டும். அந்த நிதானம் எனக்கு வராது. அந்தக் கைக்கு நான் ஒரு வழி செய்தே ஆகவேண்டும் என்றிருந்தது.

லினக்ஸுக்கும், படம் திருத்தும் ஜிம்ப்புக்கும் மாறியபோது வழி கிடைத்தது. டெர்மினலில் 'எக்ஸ்இன்புட்' என்று அடித்தால் மவுஸ் ஒவ்வொன்றுக்கும் தனி எண். அவளுடையதற்கு மட்டும் பட்டன் வரிசை 3 2 1, அதாவது வலமும் இடமும் மாறி. கழற்றிச் செருகினால் எண் மாறிவிடும் என்பதால் பெயரை வைத்து ஸ்கிரிப்ட் எழுதினால், இரண்டும் ஒரே மாடல், ஒரே பெயர்! அவளுக்கு வேறு கம்பெனி மவுஸ் வாங்கினேன். லாகின் ஆனதும் ஸ்கிரிப்ட் தானாக ஓடும்.

திரையில் இரண்டு அம்புகளைக்கூட வரவைக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் பீட்டர் ஹட்டரர் செய்த வேலை அது. 2009இல், லினக்ஸில் திரையையும் மவுஸையும் கவனிக்கும் எக்ஸ் சர்வரின் 1.7 பதிப்பில் சேர்ந்தது. ஒரே மேசையில் அவளுக்கு ஓர் அம்பு, எனக்கு ஓர் அம்பு. மென்பொருள்கள் பலவும் ஒரே ஆளை மனதில் வைத்து எழுதப்பட்டவை, மெனு திறந்தாலே தடுமாறின. ஆல்பம் வேலைக்கு அது ஒத்துவரவில்லை. 3 2 1தான் நிலைத்தது.

டக்ளஸ் எங்கல்பார்ட் 1968இல் சான் பிரான்சிஸ்கோவில் மவுஸை ஊருக்குக் காட்டிய படத்தை ஒருநாள் போட்டுக் காட்டினேன். அவருக்கு வலக்கையில் மவுஸ். இடக்கையின் கீழ் ஐந்து கட்டைகள், பியானோ மாதிரி. கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் எழுத்து விழும். தொடக்கத்திலேயே இடக்கைக்கும் வேலை கொடுத்த மனுஷன்!

அக்கா மவுஸைப் பார்க்கவே இல்லை. “அந்தக் கட்டை இப்பவும் கிடைக்குமாடா?” என்றாள்.