முகமூடி போட்ட வீரன்

ஐஸ் ஹாக்கி என்றதும் பனித்தரையில் சறுக்கிக்கொண்டு பறக்கும் வீரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். எனக்குப் பிடித்தவரோ கோலை விட்டு நகராத கோல் கீப்பர்தான்!

அவர் காக்க வேண்டியது 6 அடி அகலம், 4 அடி உயரமுள்ள கோல். எதிரே வருவது பந்து அல்ல, 'பக்' என்னும் கெட்டி ரப்பர் வட்டு. 1 அங்குலத் தடிமன், சுமார் 170 கிராம் எடை. துள்ளக் கூடாது என்பதற்காக ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைப்பார்கள். ஓங்கி அடித்தால் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டும்! மற்றவர்கள் கோட்டை விட்டால் காப்பாற்ற இவர் இருக்கிறார். இவர் விட்டால்? பின்னால் சிவப்பு விளக்குதான் எரியும்.

இந்த வேலையை ஒரு காலத்தில் வெறும் முகத்தோடு செய்தார்கள் என்றால் நம்புவீர்களா? மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணியின் ழாக் பிளான்ட் பயிற்சியில் முகமூடி அணிவார். போட்டியில் அணிய கோச் டோ பிளேக் சம்மதிக்கவில்லை. அது பார்வையை மறைக்கும் என்பது அவர் எண்ணம். முகமூடி போட்டால் பயந்தாங்கொள்ளி என்ற பேச்சு வேறு!

1959 நவம்பர் 1, நியூயார்க். ஆண்டி பாத்கேட் அடித்த வட்டு பிளான்ட்டின் முகத்தைக் கிழித்தது. அன்று அணியில் மாற்று கோல் கீப்பர் இல்லை. தையல் போட்டு முடித்ததும், முகமூடி இல்லாமல் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார் பிளான்ட். கோச்சுக்கு வேறு வழி இல்லை. அணி 3-1 என்று ஜெயித்தது! 1960-இல் ஸ்டான்லி கோப்பையும் அவர்களுக்கே. 1974-க்குப் பின் வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் வெறும் முகத்தோடு கோல் காத்தவர் எவருமில்லை.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன்? எங்க அப்பா பட்டறைத் தொழிலாளி. கிரைண்டிங்கில் பொறி தெறித்து இடது கண்ணில் வெள்ளையாக ஒரு தழும்பு. அந்தக் கண்ணுக்கு இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரியும். "தொழில் தெரிஞ்சவனுக்கு கண்ணாடி எதுக்கு?" என்பது அந்தப் பட்டறையின் பேச்சு. நம்ம ஒர்க்‌ஷாப்பில் கண்ணாடி போடுகிறவனைப் பார்த்து, "டேய், ஹீரோ வர்றான்டா!" என்று சிரிக்கிறோமே, அதுவும் அதே பேச்சுதான்.

பிளான்ட் முகமூடி போட்டது ஒளிந்துகொள்வதற்கா? இல்லை, மறுபடியும் வட்டுக்கு எதிரே நிற்பதற்கு! அடுத்த வருடம் ஒர்க்‌ஷாப்புக்கு வரப்போகும் தம்பி தங்கைகளே, யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெஷினை ஆன் பண்ணுங்கள்!