தங்கவயலில் ஒரு திருமணப் பதிவைத் தேடுதல்

கோலார் தங்கவயலில் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் நடந்த இரண்டு திருமணங்களைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஒன்று, இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கக் கண்காணிப்பாளருடையது. மற்றொன்று, குடியாத்தம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை துளைத்த தமிழருடையது. இருவரும் ஆங்கிலிக்கத் திருச்சபையினர். ஒரே குருவானவர்கூட இரு திருமணங்களையும் நடத்திவைத்திருக்கலாம். கண்காணிப்பாளரின் கொள்ளுப்பேரன் இன்று கார்ன்வாலில் தன் வீட்டில் அமர்ந்தபடியே, குடும்பப்பெயரைக் கணினியில் இட்டு அந்தப் பதிவைக் கண்டுபிடித்துவிடக்கூடும். பாறை துளைத்தவரின் கொள்ளுப்பேத்திக்கோ எங்கே தொடங்குவது என்பதே தெரியாது. தமிழரின் பதிவேடு தொலைந்துவிட்டது, எழுதியவர் அசட்டையாக இருந்துவிட்டார் என்று காரணம் சொல்லிவிடுவது எளிது. ஆனால் இருவரையும் தொடக்கத்திலேயே பிரித்து வைத்தது சட்டம்.

1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டம், ஐரோப்பியர் முதலியோரின் திருமணங்களுக்குக் காலாண்டு அறிக்கை அனுப்பும் முறையை வகுத்தது. அவ்வாறு மேலே சென்ற பதிவுகளின் படிகள் இலண்டனையும் அடைந்தன. சென்னை மாகாணத் திருச்சபைப் படிகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. குடிவழி ஆய்வுச் சங்கங்கள் அவற்றுக்குப் பெயரடைவு செய்து இணையத்தில் ஏற்றியிருக்கின்றன. உள்நாட்டுக் கிறித்தவருக்கு அதே சட்டத்தின் 37ஆம் பிரிவு வேறு வழி சொன்னது: அவர்தம் திருமணங்கள் தனிப் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும், ஏடு நிரம்பும் வரை குருவானவரே பாதுகாக்க வேண்டும், அவர் ஊர் மாறினால் அடுத்து வருபவரிடம் ஒப்படைக்க வேண்டும், நிரம்பிய பிறகு மாவட்டத் திருமணப் பதிவாளருக்கோ, ஒருவருக்கு மேல் இருந்தால் மூத்த திருமணப் பதிவாளருக்கோ அனுப்ப வேண்டும். தேடுவோர் முதலில் படிக்க வேண்டியது இந்தப் பிரிவைத்தான். "கோயிலில் அந்த ஏடு இல்லை" என்ற விடை கிடைத்தால் தேடல் அத்துடன் முடிந்துவிடுவதில்லை. நிரம்பிய ஏடு எந்த அலுவலகத்துக்குச் சென்றது என்பது அடுத்த கேள்வி. 79ஆம் பிரிவின்படி, பதிவேட்டைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் உரிய கட்டணம் பெற்றுக்கொண்டு தேட இடம் தர வேண்டும். கையொப்பமிட்ட நகலும் தர வேண்டும். இந்த இரு பிரிவுகளையும் குறிப்பிட்டு எழுதிய கடிதத்துக்கும் "ஐயா, தாத்தாவின் கல்யாணப் பதிவு வேண்டும்" என்று வாசலில் நின்று கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. முன்னதைப் படிப்பவர் பதிவேட்டைத் திறந்தாக வேண்டும் என்பதையாவது உணர்வார்.

எல்லைச் சிக்கல் ஒன்றும் உண்டு. தங்கவயல் மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது. உழைக்க வந்தவர்களுள் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தின் வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்தவர். 1872ஆம் ஆண்டுச் சட்டம் சமஸ்தானங்களுக்குள் பிரிட்டிஷ் குடிகளான கிறித்தவரை மட்டுமே தொடர்ந்து சென்றது. ஆகவே ஒரே லைனில் அடுத்தடுத்த தட்டி வீடுகளில் இருந்த இருவர் சட்டத்தின் கண்ணில் வெவ்வேறு அரசரின் குடிகளாக இருந்திருக்கலாம். மேலும், திருமணம் தங்கவயலில்தான் நடந்தது என்பதற்கு உறுதியில்லை. பௌரிங்பேட்டை–மாரிகுப்பம் இருப்புப்பாதை 1894இல் திறந்தபின் சொந்த ஊருக்குச் சென்று மணம் முடித்துத் திரும்புவது எளிதாயிற்று. அந்தச் சொந்த ஊரும் மாவட்டக் கணக்கில் ஓரிடத்தில் நிற்கவில்லை. திருப்பத்தூர் 1911இல் சேலத்திலிருந்து வடஆர்க்காட்டுக்கு மாறியது. பின்பு வேலூர் மாவட்டத்தில் இருந்தது. 2019இல் தனி மாவட்டமாயிற்று. பாட்டி "திருப்பத்தூர்ப் பக்கம்" என்று சொன்னால், ஆண்டைக் கேட்காமல் எந்த மாவட்டத்துக்கும் விண்ணப்பம் எழுதக் கூடாது.

கத்தோலிக்கருக்கு இந்தச் சிக்கலை அவிழ்க்க அருமையான வழி ஒன்று இருக்கிறது. ஆய்வு மாணவர்கள் பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. 1908இல் நடைமுறைக்கு வந்த 'நே தேமெரே' என்னும் உரோமை ஆணை, திருமணத்தைத் திருமண ஏட்டில் எழுதுவதோடு மணமக்களின் திருமுழுக்குப் பதிவிலும் குறிக்கச் சொன்னது. அவர்கள் வேறு பங்கில் திருமுழுக்குப் பெற்றிருந்தால் அந்தப் பங்குக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்றும் விதித்தது. ஆகவே திருமணம் நடந்த ஊர் தெரியாவிட்டாலும், பிறந்த ஊர் தெரிந்தால் போதும். அங்குள்ள திருமுழுக்கு ஏட்டின் ஓரத்தில் யாரை, எங்கே, எந்நாளில் மணந்தார் என்ற குறிப்பு இருக்கக்கூடும். உள்ளூர்ப் பங்கில் ஏடு சிதைந்திருந்தால் மறைமாவட்டத்தை அணுக வேண்டும். தங்கவயல் 1940 வரை மைசூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டில்தான் பெங்களூர் தனி மறைமாவட்டமாயிற்று.

ஏடு கையில் கிடைத்த பிறகுதான் மொழியியலாளருக்கு வேலை. பாரிஸ் மறைபரப்புச் சபைக் குருக்கள் பணியாற்றிய இப்பகுதியில், பிற கத்தோலிக்கப் பங்குகளைப் போலவே, இலத்தீனில் எழுதும் மரபு இருந்தது. வீட்டில் அருளப்பன் என்றால் ஏட்டில் 'யோவான்னெஸ்', இராயப்பன் 'பேத்ருஸ்', சின்னப்பன் 'பவுலுஸ்'. இவர்களுள் சின்னப்பனின் பயணம் சுவையானது. 'பவுலுஸ்' என்னும் இலத்தீன்சொல்லுக்குச் 'சிறிய' என்று பொருள். அதைத் தமிழாக்கியே புனித பவுலைச் சின்னப்பர் என்றனர். அவர் பெயர் கன்னட அலுவலகத்துக்குப் போகும்போது இறுதி 'ன்' உதிர்ந்து 'சின்னப்ப' ஆகிறது. கன்னடத்தில் 'சின்ன' என்றால் தங்கம். தங்கச் சுரங்கத்தில் உழைத்தவருக்குப் பொன் கிடைத்தது இந்த ஒரு பெயர்த்திரிபில்தான்.

சுவை ஒருபுறம் இருக்க, பெயர்த்திரிபு தேடலைக் கெடுக்கும். தமிழில் ஒரே ககரம் நிற்கும் இடத்தில் கன்னடத்தில் நான்கு எழுத்துகள் உண்டு; எழுதுநர் தம் காதில் விழுந்ததைத் தேர்ந்தெடுத்தார். ழகரம் ளகரமாயிற்று, பழனி 'பளனி' ஆனார். பெண்பெயர்களின் 'ஆள்' மறைந்து கண்ணம்மாள் 'கண்ணம்ம' ஆனார். ஆங்கில எழுத்திலோ முனுசாமியின் முதலசைக்கு ஒருவர் 'யு' இட்டார். இன்னொருவர் இரண்டு 'ஓ' இட்டார். இவர்களுக்குக் குடும்பப்பெயரும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. அதுவும் எழுதும் மொழிக்கேற்ப மாறும். குடும்பப்பெயரை முதல் கட்டத்தில் கேட்கும் எந்தத் தேடுபொறியும் இவர்களுக்காகச் செய்யப்பட்டதன்று. ஆகவே விண்ணப்பத்தில் ஒரு பெயரை மட்டும் எழுதாமல், மணமகன், மணமகள், இருவரின் தந்தையர் ஆகியோரின் பெயர்களையும் அவற்றின் எழுத்து வேறுபாடுகளையும் தர வேண்டும். ஆண்டைத் தோராயமாகச் சொல்லி ஐந்தாண்டு இடைவெளி விடுவதும், குடியிருந்த லைனைக் குறிப்பிடுவதும் நல்லது. கோயிலில் மூன்று ஓலை வாசித்த ஏடு தனியே இருந்தால் அதையும் பார்க்கக் கேட்கலாம்.

கிறித்தவரல்லாதார் நிலை வேறு. அயோத்திதாசரின் சாக்கிய பௌத்தம் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃப்பிலும் வேரூன்றியது. பௌத்த முறையில் திருமணங்களும் நடந்தன. அவற்றுக்கு அரசுப் பதிவேட்டில் இடமில்லை. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் பௌத்தரையும் தனக்குள் அடக்கிக்கொண்டது. ஆனால் அதன் 8ஆம் பிரிவு, பதிவு செய்யாததால் திருமணத்தின் செல்லுபடி கெடாது என்று கூறிவிட்டது. பதியாமல் இருந்தோர் ஏராளம். பதிந்திருந்தால் அதே பிரிவின்படி ஏட்டைப் பார்வையிடலாம். கட்டணம் செலுத்தி நகல் பெறலாம். தமிழ்நாட்டில் 1967இல் சேர்க்கப்பட்ட 7-அ பிரிவு சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்டக் காப்பு அளித்தது. அதன் எல்லை தமிழ்நாடுதான். எல்லைக்கு அப்பால் தங்கவயலில் அதே முறையில் மணந்த தமிழருக்கு அது பொருந்தாது.

இனி, ஒரு பேத்தியை எண்ணிக்கொள்ளலாம். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது தாத்தா அங்கே வேலையில் இருந்தார், இப்போது இல்லை. பாட்டிக்குக் குடும்ப ஓய்வூதியம் வேண்டும். நிறுவன அட்டையில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒட்டவில்லை. கோயில் ஏட்டின் ஒரு வரி கிடைத்தால் சிக்கல் தீரும். ஆனால் அந்த வரியைக் கேட்கப் பாட்டியே தயங்குகிறார். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்துவல்லாதாரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் உள்ளே சேர்த்தது. கிறித்தவருக்கு இன்னும் இடமில்லை. பாட்டிக்கு ஓய்வூதியம் பெற்றுத்தரும் அதே நகல், பேரனின் சாதிச் சான்றிதழைக் கேள்விக்குள்ளாக்கக்கூடும். காகிதத்தில் ஒன்றும் ஞாயிற்றுக்கிழமையில் ஒன்றுமாக வாழும் குடும்பங்கள் தென்னிந்தியா முழுவதும் உண்டு. அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்வது எளிது. சாதி மதம் மாறியவரையும் விடாமல் தொடர்கிறது. சட்டம் மட்டும் அது நின்றுவிட்டதாகக் கருதிக்கொள்கிறது.

ஆய்வாளர்கள் இந்த இடத்தில் சற்று நின்று எண்ண வேண்டும். பங்கு ஏடு முழுவதையும் கைப்பேசியில் படமெடுத்து, பெயரடைவு செய்து, பொதுவில் ஏற்றுவது நூறாண்டுக்கு முந்தைய பதிவுகளுக்குப் பொருந்தலாம். மக்களும் பேரர்களும் வாழ்கின்ற தலைமுறைக்கு அது பொருந்தாது. பதிவேட்டின் மீது தங்கவயலாருக்கு உள்ள ஐயம் நேற்று முளைத்ததன்று. 1930இல் கைரேகையுடன் கூடிய பதிவுமுறையை நிருவாகம் கொண்டுவர முற்பட்டபோது தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தம் பெயரை எழுதிக்கொள்பவர் எதற்காக எழுதுகிறார் என்று கேட்கும் பழக்கம் அவ்வூரில் உண்டு. அந்தக் கேள்விக்கு விடையுடன் செல்வதே முறை. கேட்பதும் ஒரே வரியின் நகலாக இருக்கட்டும். எந்தச் சான்றுக்காக என்பதைக் குடும்பத்தாரோடு பேசி முடிவு செய்த பிறகே விண்ணப்பம் எழுதட்டும்.

அந்த வரியே கிடைக்காவிட்டாலும் பேத்திக்கு வழி அடைந்துவிடவில்லை. 1978இல் பத்ரி பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஐம்பதாண்டு கணவன் மனைவியாக வாழ்ந்தோரிடம் திருமணத்தை மெய்ப்பிக்கக் கேட்பதை ஏற்க மறுத்தது. நீண்ட இல்வாழ்வே திருமணம் நடந்தது என்ற அனுமானத்தைத் தரும் என்றது. அந்த இல்வாழ்வுக்கான சான்றுகள் பெரும்பாலும் வீட்டுப் பெட்டியில்தான் கிடக்கின்றன: மனைவியின் பெயரெழுதிய வைப்பு நிதி நியமனப் படிவம், மங்கிய அழைப்பிதழ், மொய் நோட்டு. இவற்றுள் மொய் நோட்டை யாரும் நகலெடுக்க நினைப்பதில்லை. மணநாளன்று பந்தலில் அமர்ந்து ஒருவர் எழுதிய அந்த நோட்டில், பணம் வைத்தவரின் பெயரோடு ஊரோ லைனோ எழுதப்பட்டிருக்கும். அவர்களுள் சிலராவது இன்னும் உயிரோடு இருக்கலாம், அவர்களே சாட்சிகள்.