கோட்டுக்கு வெளியே நின்றவர்

பினாங்கு மக்களுக்குக் காற்பந்து நெடுநாள் உறவுடைய விளையாட்டு. மலாயாக் கிண்ணம் என்றும் பின்னர் மலேசியக் கிண்ணம் என்றும் வழங்கிய கோப்பையை 1953, 1954, 1958, 1974 ஆகிய ஆண்டுகளில் பினாங்கு அணி வென்றது. 1972ஆம் ஆண்டின் மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய நாமாட் அப்துல்லா, ஷாஹாருடின் அப்துல்லா என்னும் உடன்பிறந்தார் இம்மாநிலத்து வீரர்களே. ஜார்ஜ் டவுன் நகரத்து முதியோர் அவர்தம் ஆட்டத்தை இன்றும் வியந்து பேசுவர். ஆயின், அவ்வீரர்களைப் பயிற்றுவித்தவர் யாவர் என வினவினால் பலரும் சற்றுத் தயங்குவர். கோல் அடித்தவன் பெயர் நிலைக்கிறது. அவனை உருவாக்கியவர் பெயர் மறைகிறது. ஆசிரியர்க்கும் இதுவே நிலை. மாணவனுக்காக அவர் தேர்வெழுத இயலாது. வெளியே நின்று காத்திருத்தலே அவர் செய்யக்கூடுவது.

அங்ஙனம் கோட்டுக்கு வெளியே நின்று நாட்டுக்குப் புகழ் தேடித் தந்த மலேசியத் தமிழர் கே. ராஜகோபால். 1956ஆம் ஆண்டில் பிறந்த அவர், சிலாங்கூர் அணிக்கும் தேசிய அணிக்கும் ஆடியபின் பயிற்றுநரானார். இளையோர் அணிகளைப் பழக்கிய பட்டறிவும் அவர்க்கு உண்டு.

2009ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தேசிய அணி ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் 0-5 எனத் தோற்றது. நாட்டினர் நம்பிக்கை இழந்திருந்த அவ்வேளையில்தான் ராஜகோபால் பொறுப்பேற்றார். 2009 முதல் 2011 வரை மலேசிய லீக் ஆட்டங்களில் வெளிநாட்டு வீரர்க்கு இடமில்லை. அதனால் உள்நாட்டு இளைஞர்க்கு வாய்ப்புப் பெருகியது. அவ்விளைஞரைக் கொண்டே அவர் தம் அணியைக் கட்டினார்.

அவ்வாண்டு டிசம்பரில் லாவோஸ் நாட்டில் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. முதற்சுற்றில் வியட்நாமிடம் தோற்ற மலேசியா, இறுதியாட்டத்தில் அதே வியட்நாமை 1-0 என வென்றது. 1989க்குப் பின் இருபது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த தங்கம் அது.

அடுத்த ஆண்டின் சுசூகிக் கிண்ணப் போட்டியோ அதனினும் கடுமையான சோதனையாயிற்று. 2010 டிசம்பர் 1ஆம் நாள் ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் மலேசியா 1-5 எனத் தோற்றது. ஆயினும் அணி உடைந்துவிடவில்லை. தாய்லாந்துடன் சமநிலை கண்டது; லாவோஸை 5-1 என வென்றது; அரையிறுதியில் வியட்நாமையும் வீழ்த்தியது. டிசம்பர் 26ஆம் நாள் புக்கிட் ஜாலில் அரங்கில் முன்பு தன்னை வீழ்த்திய இந்தோனேசியாவையே 3-0 எனத் தோற்கடித்தது. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 1-2 எனத் தோற்றபோதும், கூட்டுக் கணக்கில் 4-2 என வென்று முதன்முறையாக அக்கிண்ணத்தைக் கைப்பற்றியது. சாஃபி சாலி ஐந்து கோல்கள் அடித்தார். கைருல் ஃபாமி இறுதியாட்டத்திற் பெனால்டி உதையொன்றைத் தடுத்தார். குணாளன் முதலிய தமிழ் இளைஞரும் அவ்வணியில் இருந்தனர்.

இருபத்தைந்து நாள்களில் வேறு வீரர்களை உருவாக்கிவிட முடியாது. அதே இளைஞரை வைத்துக்கொண்டு, தோல்வியிற் கண்ட குறைகளைத் திருத்தி, அவர்தம் நெஞ்சுரம் குலையாமற் காப்பதே பயிற்றுநர் செய்யக்கூடுவது. முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்த மாணவனை அடுத்த தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் ஆசிரியரின் பணியும் இதுவன்றோ?

புகழ் நெடுநாள் நிலைக்கவில்லை. 2012ஆம் ஆண்டின் சுசூகிக் கிண்ணப் போட்டியில் மலேசியா தன் சொந்த அரங்கிலேயே சிங்கப்பூரிடம் 0-3 எனத் தோற்றது. அரையிறுதியில் தாய்லாந்திடம் வீழ்ந்து வெளியேறியது. 2013இல் தேசிய அணியில் ராஜகோபாலின் பணி நிறைவுற்றது. வென்றால் வீரர்க்குப் பாராட்டு, தோற்றால் பயிற்றுநர்க்குப் பழி என்பது இத்தொழிலின் எழுதப்படாத விதி. அதனை அறிந்தே அவர் அதனுள் நுழைந்தார். பின்னர்ச் சரவாக் அணிக்கும் பயிற்றுநராய்ப் பணியாற்றினார்.

விளையாட்டைத் தொழிலாகக் கொள்ள விழையும் தமிழ் மாணவர் கிண்ணம் ஏந்திய நாளை மட்டும் நினைவிற் கொள்ளுதல் போதாது. 1-5 எனத் தோற்ற மறுநாள் காலையில் மீண்டும் பந்தை எடுத்து வைத்தவரையும் நினைத்தல் வேண்டும். அந்தக் காலைப் பொழுது இல்லையேல், இருபத்தாறாம் நாள் வெற்றியும் இல்லை.