பழைய ஜீப்புக்கு டர்போ போடலாமா?

போன மாசம் பையன் ஒரு துண்டுச் சீட்டோட வந்து நின்னான். டர்போ, முப்பத்தோரு இன்ச் டயர், ஸ்னார்கல், சத்தம் போடுற சைலன்சர். ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல விலையும் போட்டிருந்தான்.

"அப்பா, வண்டில இழுவையே இல்லப்பா. தாம்பரம் மேம்பாலம் ஏறுறதுக்குள்ள மூச்சு வாங்குது."

வண்டின்னு அவன் சொல்றது எங்க எம்.எம். 540. மஹிந்திரா ஜீப், 1994 மாடல். பிரான்ஸ் பூஷோ கம்பெனி டிசைன்ல வந்த 2112 சி.சி. டீசல் எஞ்சின். மணிமங்கலத்துல நெல் மூட்டை, உர மூட்டை, ஆட்டுக்குட்டி, சில சமயம் பொண்ணு பார்க்கப் போற கூட்டம் எல்லாத்தையும் சுமந்த வண்டி. அவன் சொன்னதும் பொய்யில்ல, இழுவை குறைஞ்சுதான் போயிருந்தது.

சீட்டைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது 2015, டிசம்பர் 2. அந்த ஒரு நாள்ல தாம்பரத்துல 49 சென்டிமீட்டர் மழைன்னு கணக்கு. அடையாறு கரை மீறி முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் தண்ணி. மச்சான் குடும்பம் வரதராஜபுரத்துல மாட்டிக்கிச்சு, கூட நடக்க முடியாத எங்க அத்தை. ஃபோர் வீல் இருக்குற தைரியத்துல நான் ஜீப்பை எடுத்துட்டுப் போனேன். லோ கியர் போட்டா சக்கரத்துக்குப் போற திருகுவிசை சுமார் இரண்டரை மடங்கு ஆகும். தண்ணியென்ன, சேறென்ன, மெதுவா ஏறி வந்துடும்.

வந்துச்சு. இடுப்பளவு தண்ணி வரைக்கும் வந்துச்சு. அப்புறம் பொக்குன்னு நின்னுடுச்சு.

நான் செஞ்ச முட்டாள்தனம் அதுக்கப்புறம்தான். பதட்டத்துல மறுபடி செல்ஃப் அடிச்சேன். டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது, அதனால தண்ணிக்குப் பயப்படாதுன்னு ஊர்ல சொல்லுவாங்க. பாதி உண்மை. காத்து உறிஞ்சுற வழியில தண்ணி போயிட்டா, பிஸ்டன் மேல வரும்போது காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைஞ்சுடுச்சு. அத்தையை மீனவத் தம்பிங்க படகுல வந்து இறக்கிட்டுப் போனாங்க. ஜீப்பு நாலு நாள் தண்ணில நின்னுச்சு. ஃபேன் பெல்ட்டைக் கழட்டியிருந்தா ஃபேன் தண்ணியை வாரி ஏர் ஃபில்டர் மேல அடிச்சிருக்காதுன்னு பின்னாடி தெரிஞ்சுகிட்டேன்.

அந்த எஞ்சினுக்குத்தான் இப்போ டர்போ கேக்குறான்.

தாம்பரத்துல எங்க மெக்கானிக் பாய்கிட்ட ரெண்டு பேரும் போனோம். அவர் சீட்டை வாங்கிப் படிச்சுட்டுச் சிரிச்சார். "தம்பி, புகையோட வேகத்துல சுத்தி கூடுதல் காத்தைத் தள்றதுதான் டர்போ. காத்து கூடினா டீசலும் கூட ஊத்தணும். அப்போதான் பவர். கூடவே சூடும் வரும். இந்தப் பிஸ்டன், இந்த ஹெட் கேஸ்கெட் எல்லாம் அந்தச் சூட்டுக்குச் செஞ்சதில்ல. சரி, எஞ்சின் தாங்கிச்சுன்னே வைங்க. வண்டியை எதை வெச்சு நிறுத்துவீங்க?"

நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக். பூஸ்டர் கிடையாது. பையன் வாயை மூடிக்கிட்டான்.

பெரிய டயர் கதை இன்னும் வேடிக்கை. கம்பெனி போட்டது 6.00-16, ஒல்லி டயர். வட்டம் பெருசானா கியர் நீளும், எஞ்சின் இன்னும் திணறும், பிரேக் இன்னும் குறையும், மீட்டரும் உண்மை வேகத்தைவிடக் குறைச்சுத்தான் காட்டும். இழுவை இல்லைன்னு டர்போ, டர்போவோட இழுவையைத் திங்க டயர்! வயல்ல ஒல்லி டயர்தான் சேத்தை வெட்டிக்கிட்டுக் கெட்டித் தரையைப் பிடிக்கும். அகல டயர் மணலுக்குச் சரி, எங்க களிமண்ணுல வழுக்கிக்கிட்டு மிதக்கும். இதுல நான் பிடிவாதமா இருந்துட்டேன்.

சட்டமும் ஒண்ணு இருக்கு. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. பதினஞ்சு வருஷம் தாண்டின சொந்த வண்டியைப் புதுப்பிக்கிற கட்டணம் 2022 ஏப்ரல்ல 600 ரூபாயிலிருந்து 5000 ஆச்சு. அவ்வளவு கட்டிட்டு அங்க போய் டர்போவுக்கு விளக்கம் சொல்லிட்டு நிக்க எனக்குத் தெம்பு இல்ல.

பாய் வண்டியை ஜாக்கில ஏத்திப் பின் சக்கரத்தைக் கையால சுத்தச் சொன்னார். சுத்தல. பிரேக் லைனர் டிரம்மை உரசிக்கிட்டே இருந்திருக்கு. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே மேம்பாலம் ஏறினா எந்த எஞ்சினுக்குத்தான் மூச்சு வாங்காது? ஏர் ஃபில்டர் முழுக்க வைக்கோல் தூசி. நாலு நாசில்ல ரெண்டு டீசலைப் பனியாத் தூவாம சொட்டு சொட்டா விட்டுச்சு. கரும்புகை அதனாலதான்.

நாசில் மாத்தி, பம்ப்பைக் காலிபரேஷன் பண்ணி, டேப்பெட் சரி பண்ணினோம். டர்போவுக்குன்னு வெச்ச காசுல பிரேக் பூஸ்டர். டீசல் எஞ்சின்ல பெட்ரோல் வண்டி மாதிரி உறிஞ்சல் கிடைக்காது, அதனால வேக்கும் பம்ப் சேர்ந்த ஆல்டர்னேட்டரும் வாங்க வேண்டியதாச்சு. செலவு கொஞ்சம் கடிச்சுது. ஆனா முதல் தடவை மிதிச்சப்ப வண்டி நின்ன நிலைல, வீட்டுக்காரி முன்னாடி கம்பியைப் பிடிச்சுக்கிட்டா.

பையன் கேட்டதுல ஸ்னார்கல் மட்டும் நியாயம். ஆனா வெளில நீட்டிக்கிட்டு வேண்டாம்னுட்டேன். காத்து உறிஞ்சுற குழாயைப் பானெட்டுக்குள்ளயே உச்சி வரைக்கும் ஏத்திட்டார் பாய். கூடவே, நான் கேக்காமலேயே ஆக்ஸில் ரெண்டுக்கும் மூச்சுக்குழாய்ல ஓஸ் மாட்டி மேல கொண்டுவந்து கட்டினார். ஓடிச் சூடான ஆக்ஸில் திடீர்னு தண்ணில இறங்கினா உள்ள இருக்குற காத்து சுருங்கி, அந்த ஓட்டை வழியா தண்ணியை இழுத்துக்கும். அப்புறம் கியர் ஆயில் மோர் மாதிரி வெளுத்துடும். 2015ல அதுவும் நடந்துச்சு, காரணம்தான் எனக்கு இப்பத் தெரிஞ்சுது.

இப்போ மேம்பாலம் மூணாவது கியர்ல ஏறுது. பையனுக்கு முழு திருப்தி இல்ல, சைலன்சர் பத்தி இன்னும் முணுமுணுக்குறான். ஆனா நேத்து மழை இருட்டிக்கிட்டு வந்தப்ப, யாரும் சொல்லாமலே ஃபேன் பெல்ட் கழட்டுற ஸ்பேனரைத் துணில சுத்தி டிரைவர் சீட்டுக்கு அடியில வெச்சான்.